வேறு மொழி, வேறு பண்பாட்டு நோயாளிகளுடன் செவிலியர் உரையாடல்: ஆய்வேட்டுக்கு எந்தக் கோட்பாடு பொருந்தும்?

கேள்வி: வேலூர் செவிலி

அனைவருக்கும் வணக்கம். வேலூரில் எம்.எஸ்சி. நர்சிங் படித்துவரும் நான், ஆய்வேட்டின் தலைப்பை முடிவு செய்ய வேண்டிய கட்டத்தில் இருக்கிறேன். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா ஆகிய மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சைக்காக இந்த ஊருக்கு வருவோர் ஏராளம் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஊருக்குள் விடுதிகளும் உணவகங்களும் வங்காள எழுத்தில் பலகை வைத்திருக்கின்றன. வார்டுக்குள்ளோ, எங்களுக்குத் தெரிந்த அரைகுறை இந்தியையும், உடன் வந்தவருக்குத் தெரிந்த அரைகுறை இந்தியையும் நம்பியே மருந்து, உணவு, அறுவைச் சிகிச்சை பற்றிய பேச்செல்லாம் நடக்கிறது.

ஒரு நிகழ்வைச் சொன்னால் என் கேள்வி தெளிவாகும். முர்ஷிதாபாத் மாவட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு மூதாட்டிக்கு, டிஸ்சார்ஜ் ஆகும் முன் இன்சுலின் போட்டுக்கொள்ளும் முறையைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் இந்தியில் சொல்ல, மகன் அதை வங்காளத்தில் சொன்னார். இடையில் அந்த அம்மா மகனைப் பார்த்து வெகுநேரம் எதையோ விளக்கிக் கேட்டார். என்ன கேட்கிறார் என்று விசாரித்தால், "ஒன்றுமில்லை சிஸ்டர், புரிந்துவிட்டதாம்" என்றார் மகன். அந்த அம்மாவின் முகத்தில் புரிந்துகொண்ட அறிகுறி இல்லாததால் மீண்டும் வற்புறுத்திக் கேட்டேன். ரம்ஜான் நோன்பு மாதத்தில் ஊசியை எந்த நேரத்தில் போடுவது, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறிந்துவிடாதா என்பவையே அவருடைய கேள்விகள் என்று அதன் பிறகுதான் தெரிந்தது. மருத்துவமனையில் கேட்கத்தக்க கேள்விகளாக அவை மகனுக்குத் தோன்றவே இல்லை.

இந்த அனுபவத்தையொட்டியே ஆய்வு செய்ய விரும்புகிறேன். நோயாளியின் பண்பாட்டை அறிந்து அதற்கேற்பப் பராமரிக்க வேண்டும் என்ற, அமெரிக்கச் செவிலியர் மேடலின் லெய்னிங்கரின் கோட்பாட்டை என் வழிகாட்டி பரிந்துரைக்கிறார். நியூசிலாந்தில் உருவான "பண்பாட்டுப் பாதுகாப்பு" என்ற கருத்தைப் பற்றியும் ஓரளவு படித்தேன். இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தெரிகிறது. எதை அடிப்படையாகக் கொள்வது? வங்காள மக்களின் பழக்கவழக்கங்களை முதலில் தொகுத்துக்கொள்ள வேண்டுமா? உறவினர் மொழிபெயர்ப்பதை ஆய்வில் எப்படிக் கையாள்வது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலியக் கல்விப் பேராசிரியர், கோவை

அன்புள்ள மாணவிக்கு, உங்கள் வழிகாட்டி சொன்னது நல்ல தொடக்கம். லெய்னிங்கரின் கோட்பாட்டை, அதை விளக்க அவர் வரைந்த உதயசூரியன் போன்ற வரைபடமாக மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு நம் மாணவர்கள் பலர் நகர்ந்துவிடுகிறார்கள். அவர் எந்த வழியில் அங்கு வந்து சேர்ந்தார் என்பதை அறிந்தால்தான் அதை எங்கே பயன்படுத்தலாம், எங்கே பயன்படுத்தக் கூடாது என்பது விளங்கும்.

1925இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்த லெய்னிங்கர், 1950களில் சின்சினாட்டியில் மனநலச் சிகிச்சை பெறும் குழந்தைகளிடையே பணியாற்றினார். வெவ்வேறு பின்னணியைச் சேர்ந்த குழந்தைகள் உணவையும் உறக்கத்தையும் தொடுதலையும் வெவ்வேறு விதமாக எதிர்கொள்வதைக் கண்ட அவருக்கு, தாம் கற்ற செவிலியமோ மனநல மருத்துவமோ அதற்குப் போதிய விளக்கம் தரவில்லை. அப்போது சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்த மானிடவியல் அறிஞர் மார்கரெட் மீடுடன் நடந்த உரையாடல்கள் அவரை மானிடவியலின் பக்கம் திருப்பின. 1960களின் தொடக்கத்தில் பப்புவா நியூ கினியின் கிழக்கு மேட்டுநிலப் பகுதிக்குச் சென்று, காட்சுப் மக்களின் கிராமங்களில் அவர்களோடு வாழ்ந்து, நோயுற்றவரை அவர்கள் எப்படிக் கவனித்துக்கொள்கிறார்கள் என்பதை நேரில் கண்டு பதிவு செய்தார். 1965இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மானிடவியலில் முனைவர் பட்டம் பெற்றார், பண்பாடு கடந்த செவிலியத்துக்கான சங்கத்தை 1974இல் தொடங்கினார், 2012இல் மறைந்தார்.

உங்களுக்கு அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு உண்டு என்பது என் கருத்து. ஒன்று, ஒரு நோயாளியின் வழக்கத்தை எதிர்கொள்ளும்போது செவிலியர் முன்னுள்ள மூன்று வழிகளை அவர் பிரித்துக் காட்டியது: இருப்பதை அப்படியே பேணுதல், இரு தரப்பும் பேசி இணக்கம் காணுதல், தீங்கு விளையும் இடத்தில் நோயாளியின் ஒப்புதலோடு மாற்றியமைத்தல். உங்கள் மூதாட்டியையே எடுத்துக்கொள்வோம். நோன்பு நோற்க வேண்டும் என்ற அவருடைய உறுதி பேணத்தக்கது; நோன்பைத் தாங்கும் உடல்நிலை அவருக்கு இருக்கிறதா என்பதை மருத்துவர் முன்கூட்டியே பார்த்துச் சொல்ல வேண்டும். ஸஹர் (விடியலுக்கு முந்தைய உணவு), இஃப்தார் (மாலையில் நோன்பு திறத்தல்) நேரங்களுக்கு ஏற்ப இன்சுலினின் அளவையும் வேளையையும் மாற்றுவது, இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை முடித்துக்கொள்வது ஆகியவை பேசி இணக்கம் காண வேண்டியவை. விரலில் குத்திப் பார்த்தால் நோன்பு முறியும் என்ற எண்ணம் மாற்றப்பட வேண்டியது. அப்படி முறியாது என்பதே மார்க்க அறிஞர்களிடையே பரவலாக உள்ள கருத்து. ஆனால் இதை நீங்கள் சொல்வதைவிட, அவர் மதிக்கும் ஓர் ஆலிம் சொன்னால் மனம் அமைதியாக ஏற்றுக்கொள்ளும். ஒரே உரையாடலில் மூன்று வழிகளும் வந்துவிட்டன. அந்தக் கேள்வியே உங்கள் காதுக்கு எட்டாமல் போயிருந்தால் மூன்றுக்கும் இடமே இருந்திருக்காது.

இரண்டாவது, அவருடைய ஆய்வு முறை. செவிலியத்துக்கென்றே அவர் வடிவமைத்த இனவரைவியல் (மக்களோடு பழகி அவர்கள் வாழ்வைப் பதிவு செய்யும்) முறையில், அந்நியராக நுழையும் ஆய்வாளர் நம்பிக்கைக்குரிய நண்பராக மாறிவிட்டாரா என்பதைத் தாமே சரிபார்க்கும் கருவி ஒன்று உண்டு. மக்கள் வெளியாருக்கென்று வைத்திருக்கும் பதிலைச் சொல்கிறார்களா, தங்களுக்குள் பேசிக்கொள்வதைப் பகிர்கிறார்களா, உணவைப் பங்கிட்டுக்கொள்கிறார்களா என்பது போன்ற அடையாளங்களை அது பார்க்கச் சொல்கிறது. சிறிய அளவிலான ஆய்வுக்கு ஆழமாகப் பேசிப் பார்க்க 6 முதல் 8 வரை முதன்மைத் தகவலாளர்களும், அவர்கள் சொன்னதை ஒப்பிட்டுப் பார்க்க அவர்களைப்போல் இரு மடங்கு பொதுத் தகவலாளர்களும் போதும் என்பதால், எம்.எஸ்சி. ஆய்வேட்டின் கால எல்லைக்குள் இது முடியக்கூடியது.

பழக்கவழக்கப் பட்டியல் தொகுக்கலாமா என்று கேட்டீர்கள். தொகுத்தால் "வங்காளிகள் இப்படித்தான்" என்ற வார்ப்பில் போய் முடியும். முர்ஷிதாபாத்தின் முஸ்லிம் மூதாட்டியும் கொல்கத்தாவின் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியும் பேசுவது ஒரே மொழி. நோயைப் பற்றிய அச்சம், செலவைப் பற்றிய கவலை, வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்பது எல்லாம் வேறு வேறு.

பதில் 2: வெலிங்டனில் பணிபுரியும் செவிலியர்

வணக்கம். பேராசிரியர் அம்மா கூறியவற்றை மதிக்கிறேன். அந்த மூன்று வழிகளைப் பற்றிய விளக்கத்தை என் சக பணியாளர்களுக்கும் சொல்வேன். ஆயினும் கோட்பாட்டைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு.

நியூசிலாந்தின் பண்பாட்டுப் பாதுகாப்புக் கருத்தை வளர்த்தெடுத்தவர் இரிஹபெட்டி ராம்ஸ்டென் என்ற, நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி இனத்தைச் சேர்ந்த செவிலியர். 1988இல் கிரைஸ்ட்சர்ச்சில் நடந்த கூட்டம் ஒன்றில் மாவோரி செவிலிய மாணவி ஒருவர் எழுந்து, சட்டப் பாதுகாப்பு, அறநெறிப் பாதுகாப்பு, சிகிச்சைப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, எங்கள் பண்பாட்டுக்கான பாதுகாப்பு எங்கே என்ற பொருளில் கேட்டார். அந்தக் கேள்வியைப் பற்றிக்கொண்டு ராம்ஸ்டென் செய்த பணியின் விளைவாக, 1992இல் நியூசிலாந்து செவிலியர் மன்றம் இதைச் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் கல்வியின் கட்டாயப் பகுதியாக்கியது. எதிர்ப்பும் எழுந்தது, பத்திரிகைகளில் கடும் விவாதம் நடந்து, 1995இல் நாடாளுமன்றக் குழுவே இதை விசாரித்தது. பாடம் திருத்தப்பட்டதே தவிரக் கைவிடப்படவில்லை. ராம்ஸ்டென் தம் முனைவர் பட்ட ஆய்வை 2002இல்தான் முடித்தார். அடுத்த ஆண்டே காலமானார்.

லெய்னிங்கரின் பார்வையில் செவிலியர் அறிபவர், நோயாளி அறியப்படுபவர். ராம்ஸ்டென் இதைத்தான் எதிர்த்தார். மாவோரிகளின் சடங்குகளை மற்றவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று அவர் ஒருபோதும் கேட்கவில்லை. செவிலியர் தம் சொந்தப் பண்பாட்டையும், தம் கையில் உள்ள அதிகாரத்தையும், பிரிட்டிஷ் அரசும் மாவோரித் தலைவர்களும் செய்துகொண்ட 1840 வைட்டாங்கி ஒப்பந்தத்துக்குப் பின் அந்த மக்கள் நிலத்தையும் நலத்தையும் இழந்த வரலாற்றையும் உணர வேண்டும் என்றார். பெற்ற சேவை பாதுகாப்பாக இருந்ததா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை சேவை பெற்றவருக்கே உரியது என்பது அவர் வாதத்தின் உயிர்நாடி. பண்பாடு என்பதை இனத்தோடு அவர் நிறுத்தவில்லை. வயது, பாலினம், வருமானம், தொழில், சமயம், உடற்குறை எல்லாம் அதில் அடங்கும்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மாவோரிகளுக்குத் தலை மிகப் புனிதமானது. தலைக்கு வைத்த தலையணையைக் காலுக்கடியில் செருகுவது அவர்களைப் புண்படுத்தும். அதனால் இங்குள்ள சில மருத்துவமனைகளில் தலைக்கு ஒரு நிறத்திலும், உடலின் மற்றப் பகுதிகளுக்கு வேறு நிறத்திலும் தலையணை உறை போடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. உறையின் நிறத்தைச் சரியாக மாற்றிவிட்டு, நோயாளியின் பெயரைத் தவறாக உச்சரித்துக்கொண்டு, அவருடைய குடும்பத்தாரை வாசலிலேயே நிறுத்திவைத்தால், விதி நிறைவேறியிருக்கும். நோயாளி பாதுகாப்பாக உணர்ந்திருக்க மாட்டார். நிறம் சரியா என்பதை வார்டு பொறுப்பாளர் சொல்லலாம். மற்றதை அந்த நோயாளி மட்டுமே சொல்ல முடியும்.

எனவே உங்கள் ஆய்வில் செவிலியரின் "பண்பாட்டுத் திறன்" எவ்வளவு என்று வினாத்தாள் கொடுத்து அளக்காதீர்கள். செவிலியர் எல்லாருமே தமக்கு நல்ல மதிப்பெண்தான் போட்டுக்கொள்வார்கள். நோயாளியிடம் கேளுங்கள். 1978இல் அமெரிக்க மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மனும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த கேள்விகள் உங்களுக்குத் துணை செய்யும்: இந்த நோய் எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், இதில் எதற்கு மிகவும் அஞ்சுகிறீர்கள், எந்தச் சிகிச்சை வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பன போன்றவை. இவற்றோடு, இங்கே கேட்கத் தயங்கி விட்டுவிட்ட கேள்வி ஏதாவது உண்டா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மூதாட்டியிடம் அப்படிப்பட்ட கேள்விதானே இருந்தது?

பதில் 3: ஒஸ்லோ, மருத்துவத் துறை உரைபெயர்ப்பாளர்

மேலே இருவரும் கோட்பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நடுவில் இருந்து கதைப்பவரைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நம் முதியவர்களுக்கும் நோர்வேஜியத் தாதியருக்கும் வைத்தியர்களுக்கும் இடையில் உரைபெயர்ப்பதே என்னுடைய தொழில்.

2003இல் கிளென் புளோரஸ் என்ற குழந்தை வைத்தியரும் அவரது குழுவும் வெளியிட்ட ஆய்வைக் கட்டாயம் படியுங்கள். அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் குழந்தைகளோடு வைத்தியரைச் சந்தித்த 13 உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, வரிக்கு வரி ஆராய்ந்தார்கள். சராசரியாக ஒரு சந்திப்பில் 31 உரைபெயர்ப்புப் பிழைகள் இருந்தன. அவற்றில் 63 விழுக்காடு சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. பாதிக்கு மேற்பட்ட பிழைகள் சொல்லாமல் விட்டவை. மருந்து ஒவ்வாமை உண்டா என்ற கேள்வியே தாயிடம் போய்ச் சேரவில்லை. காதுத் தொற்றுக்கு வாயால் கொடுக்க வேண்டிய அமோக்சிசிலின் என்ற மருந்தை இரண்டு காதிலும் விடும்படி தாய்க்குச் சொல்லப்பட்டது. வைத்தியசாலை நியமித்த உரைபெயர்ப்பாளர்களும் பிழை விட்டார்கள்; ஆனால் உறவினர், ஊழியர் என்று கையில் அகப்பட்டவர்கள் உரைபெயர்த்தபோது ஆபத்தான பிழைகளின் பங்கு 77 விழுக்காடாகவும், வைத்தியசாலை உரைபெயர்ப்பாளர்களிடத்தில் 53 விழுக்காடாகவும் இருந்தது. அதே குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 100 மணி நேரமோ அதற்கு மேலோ பயிற்சி பெற்றவர்களின் பிழைகளில் 2 விழுக்காடு மட்டுமே ஆபத்தானவையாக இருந்தன. உரைபெயர்ப்பு என்பது இரு மொழி தெரிந்தவர் எல்லாரும் செய்யக்கூடிய வேலை அல்ல, பயின்று பெறும் திறன் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நோர்வேயில் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள உரைபெயர்ப்புச் சட்டம், அரச நிறுவனங்கள் தகுதி பெற்ற உரைபெயர்ப்பாளரைப் பயன்படுத்துவதைக் கடமையாக்கி, பிள்ளைகளை உரைபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. அவசர நிலைகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இந்தத் தடை எவ்வளவு பெறுமதியானது என்பது, பாடசாலையை விட்டுவிட்டுத் தாயோடு வைத்தியரிடம் போய் உட்கார்ந்த பிள்ளைகளுக்குத் தெரியும். மகனை நடுவில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் தன் மாதவிடாய் வருத்தத்தைப் பற்றிக் கதைப்பார்? தந்தைக்குப் புற்றுநோய் என்பதை மகளே முதலில் கேட்டு, அதைத் தன் வாயாலேயே தந்தைக்குச் சொல்ல வேண்டி வருவது எவ்வளவு கொடுமை? உறவினர் பொய்யர் அல்லர். அவர்கள் பாசத்தினால் மறைக்கிறார்கள், வெட்கத்தினால் சுருக்குகிறார்கள், வைத்தியரின் நேரம் வீணாகக் கூடாதென்று தாமே விடை சொல்லிவிடுகிறார்கள். உங்கள் நோயாளியின் மகன் செய்ததும் அதுதான்.

அதற்காக மகனை அறையை விட்டு வெளியே அனுப்பிவிடாதீர்கள். அவர் மகனாக அங்கே இருக்கட்டும். மொழிச் சுமையை மட்டும் அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள். உரைபெயர்ப்பாளர் கிடைத்தால், நோயாளியின் முகத்தைப் பார்த்து, அவரிடமே பேசுங்கள். "அவரிடம் கேளுங்கள்" என்று சொல்லாமல் "உங்களுக்கு எங்கே நோகிறது?" என்று நேரடியாகக் கேளுங்கள். இரண்டு மூன்று வசனங்களுக்கு ஒருமுறை நிறுத்துங்கள். நோயாளி நீளமாகக் கதைத்து, உங்களிடம் வந்த விடை குறுகலாக இருந்தால், கேட்டபடியே திரும்பச் சொல்லும்படி தயங்காமல் கேளுங்கள். நல்ல உரைபெயர்ப்பாளர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கேள்வியாளரின் மறுமொழி: வேலூர் செவிலி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஆய்வின் போக்கு எனக்கு இப்போது தெளிவாகிவிட்டது. டிஸ்சார்ஜ் நேரத்தில் வங்காள மொழி நோயாளிகளுக்கு நாங்கள் சொல்லும் செய்திகளில் எவை போய்ச் சேர்கின்றன, எவை நடுவில் நின்றுவிடுகின்றன, நோயாளிகள் எவற்றைக் கேட்காமல் அடக்கிக்கொள்கிறார்கள் என்பதை நோயாளியின் வாய்மொழியாகவே பதிவு செய்யலாம் என்றிருக்கிறேன். ஆனால் நோர்வேயைப்போல் பதிவு பெற்ற உரைபெயர்ப்பாளர் எங்களுக்கு ஒவ்வொரு வேளையும் கிடைக்க மாட்டார். அந்த நிலையில் வார்டில் இருப்பவர் என்ன செய்யலாம்?

பதில் 4: ஓசூர், தொழிற்சாலைச் சுகாதார மையச் செவிலியர்

எங்களிடம் வருவோரில் பெரும்பாலோர் ஒடிசா, பீகார் மாநிலத் தொழிலாளர்கள். எங்களுக்குக் கைகொடுப்பது, சொன்னதை நோயாளியையே திருப்பிச் செய்துகாட்டச் சொல்வது. "புரிந்ததா?" என்றால் யாரும் தலையாட்டிவிடுவார்கள். மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து, இரவுக்கு எது, எத்தனை என்று எடுத்துக்காட்டச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும். தவறாக எடுத்தால் அவரைக் குறை சொல்லாமல், நாம் விளக்கிய முறையை மாற்ற வேண்டும். உறை மீது சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பதும் எழுத்தறியாதவர்களுக்கு உதவுகிறது. ஒப்புதல் படிவம் போன்றவற்றுக்கு மட்டும், தாமதமானாலும் பரவாயில்லை என்று, மொழி நன்கு தெரிந்த பணியாளரைத் தொலைபேசியில் இணைத்துப் பேசவைக்கிறோம்.

பதில் 5: ஓய்வுபெற்ற செவிலியக் கல்விப் பேராசிரியர், கோவை

வெலிங்டன் சகோதரியின் மறுப்பில் நியாயம் இருக்கிறது. மதிப்பிடுபவர் நோயாளியாக இருக்கட்டும் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். தகவலாளரைத் தேர்வது, நம்பிக்கையைச் சரிபார்ப்பது, குறிப்பெடுப்பது ஆகியவற்றுக்கு லெய்னிங்கரின் முறையைக் கையாண்டு, எதை அளப்பது என்பதை ராம்ஸ்டெனிடமிருந்து எடுத்துக்கொள்வதில் தடையேதும் இல்லை. இரண்டையும் ஏன் சேர்த்தீர்கள் என்பதை மட்டும் கோட்பாட்டு அத்தியாயத்தில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நேர்காணலை நீங்கள் சீருடையில் எடுக்க வேண்டாம். அந்த வார்டில் பணிபுரிபவரும் எடுக்க வேண்டாம், ஏனெனில் தம்மைப் பராமரிக்கும் சிஸ்டரைப் பற்றி அவரிடமே குறை சொல்ல எந்த நோயாளிக்கும் மனம் வராது. வங்காளம் தாய்மொழியான ஒருவர் கேள்விகளை மொழிபெயர்க்க, அவற்றைப் பாராத வேறொருவர் மீண்டும் தமிழிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்து, இரண்டும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மகனோ மகளோ உடன் இல்லாத ஒரு நேரத்தை நோயாளியின் விருப்பத்தோடு ஒதுக்கிக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒப்புதல் விவரங்களை வங்காளத்தில் ஒலிப்பதிவு செய்து வையுங்கள். தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனம், நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கம் தரப்பட வேண்டும் என்கிறது. உங்கள் ஆய்வின் தேவையை நெறிமுறைக் குழுவுக்கு எடுத்துச் சொல்ல அது வலுவான ஆதாரம். கேள்விகளின் முதல் வரைவு தயாரானதும் இங்கே பதிவிடுங்கள். குழுவுக்கு அனுப்பும் முன் பார்த்துச் சொல்கிறேன்.